சிக்கனத் தோட்டா: கூட்டின் கணக்கும் சட்டத்தின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழிகள் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டை வீசிவிடாமல் வீட்டிலேயே மீண்டும் வெடிமருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்றும், அளவில் சிறிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தால் செலவு இன்னும் குறையும் என்றும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. அந்த இரண்டு வரிகள் மட்டும் அமெரிக்காவுக்குப் பொருந்துமே தவிர ஆவடிக்குப் பொருந்தா. கட்டுரை வந்த மறுவாரமே எங்கள் சங்கத்தின் சுடுதளத்துக்கு வந்த கல்லூரி மாணவர் இருவர், அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, "சார், இந்த பிரஸ் சென்னையில் எங்கே கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டார்கள். பிரஸ் என்பது காலிக் கூட்டை அழுத்தித் திருத்தி மீண்டும் தோட்டாவாக்க உதவும் எந்திரம். இக்கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சும் அளவையுமாகக் காலம் கழித்து ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக .22 துப்பாக்கியும் .32 கைத்துப்பாக்கியும் (இவ்வெண்கள் அங்குலத்தில் குழலின் உத்தேச விட்டம்) சுட்டு வருபவன். கடிதம் நீளமாகிவிட்டதைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் கட்டுரையில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தோட்டா நான்கு பொருள்களால் ஆனது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுடும்போது மருந்து எரிந்துபோகிறது, குண்டு இலக்குக்குப் போய்விடுகிறது, ப்ரைமர் ஒரு தட்டோடு தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு மட்டுமே. நான்கில் பெரும்பாலும் விலை கூடிய பொருளும் அதுவே. தேங்காயைத் திருகிய பின் சிரட்டையைக் கரண்டியாக்கிக்கொண்ட ஊரில் பிறந்த நமக்கு இந்த யோசனை புதிதும் அன்று. என் தாத்தாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்குக் காகிதத் தோட்டாக்களோடு, முழுக்கப் பித்தளையில் செய்த கூடுகளும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அவற்றில் கேப்பு (அந்நாளைய ப்ரைமர்) பொருத்தி, கரும்புகை மருந்தை அளந்து கொட்டி, அட்டை வைத்து, ஈய ரவையை நிரப்பி, மேலே இன்னோர் அட்டையை மெழுகிட்டு மூடிய காலம் ஒன்று இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு, அந்தக் கூடுகள் எங்கள் வீட்டு அலமாரியில் பேனா செருகும் குப்பிகளாயின. 12 போர் என்றால் என்ன என்று அந்த நாளில் தாத்தா சொன்ன விளக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது: ஒரு ராத்தல் (பவுண்டு) ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர்.

சிக்கனமான தோட்டா எது என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்து பார்த்தவர் ஒருவரை நான் சந்தித்தது சில ஆண்டுகளுக்கு முன்பு, டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. பக்கத்து வீட்டுக்காரர் என் வயதினர். அவருடைய கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், கனத்த மேசையில் முடுக்கிய ஒரு பிரஸ், சிறு தராசு, வரிசையாக அட்டைப் பெட்டிகள், சுவரில் ஒரு தீயணைப்பான். பண்டக அறையைப் போல அத்தனை ஒழுங்கு. அங்கே இதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை; மளிகை வாங்குவதுபோல் கடைக்குப் போய் மருந்தும் ப்ரைமரும் வாங்கி வருகிறார். எந்தத் தோட்டா மலிவானது என்று நான் கேட்டபோது அவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து 7000 என்ற எண்ணை எழுதினார். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். மருந்தை அந்நாட்டினர் அந்த அளவையில்தான் நிறுக்கிறார்கள். .30-06 என்னும் பெரிய வேட்டைத் தோட்டா ஏறத்தாழ 50 கிரெயின் மருந்து உண்ணும். ஒரு ராத்தலில் சுமார் 140 தோட்டாக்கள். .223 என்னும் சிறிய துப்பாக்கித் தோட்டா ஏறத்தாழ 25 கிரெயின். ஒரு ராத்தலில் 280. .38 ஸ்பெஷல் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவோ, காகித இலக்கைச் சுடுவதற்கு, ஏறத்தாழ 3 கிரெயினோடு திருப்தி அடைந்துவிடும்; ஒரு ராத்தல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களுக்கு வருகிறது. (இவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான உத்தேச எண்கள் மட்டுமே, நிரப்பும் அளவாக யாரும் இவற்றைக் கொள்ளக் கூடாது.)

மருந்து அந்தக் கணக்கின் ஒரு வரிதான். கூட்டின் வடிவமும் முக்கியம் என்று அவர் விளக்கினார். ரைஃபிள் என்னும் நீள்குழல் துப்பாக்கியின் தோட்டாக்களில் பல, பாட்டிலைப் போலக் கழுத்துக் குறுகியவை. அவற்றைச் சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் மிக அதிகம். ஒவ்வொரு முறையும் பித்தளை கழுத்தை நோக்கி நீள்கிறது. நீண்டதை நறுக்க வேண்டும், கூட்டின் உருவைத் திருத்தும் அச்சில் இடுமுன் எண்ணெய்ப்பசை பூச வேண்டும், பிறகு அதைத் துடைக்க வேண்டும். சில முறைகளில் கழுத்தில் விரிசல் கண்டுவிடும். .38 ஸ்பெஷல், .32 போன்ற நேர்ச்சுவர்க் கூடுகளில் இந்தத் தொல்லைகள் குறைவு. டங்ஸ்டன் கார்பைடு அச்சு இருந்தால் எண்ணெய்ப்பசையே வேண்டாம். அழுத்தமும் தாழ்வாக இருப்பதால் ஒரே கூடு பற்பல முறை உழைக்கிறது. மேலும், சுழல் துப்பாக்கி தன் காலிக் கூடுகளைத் தானே வெளியே எறிவதில்லை. சுட்டவர் கையில் அவை அப்படியே வந்துவிடும். தானியங்கிக் கைத்துப்பாக்கியோ கூட்டைப் புல்லில் வீசும். தேடிப் பொறுக்குவதில் ஒரு பங்கு தொலைந்துபோகும். வேகம் குறைவாக இருப்பதால் செம்பு உறையிட்ட குண்டு தேவைப்படாது. வெறும் ஈயக் குண்டு போதும். குழலும் நெடுங்காலம் தேயாது. இப்படி மருந்து, கூடு, குண்டு, குழல், உழைப்பு என்று ஐந்து பக்கமிருந்தும் பார்த்து, நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு சிறு கைத்துப்பாக்கித் தோட்டாவையே அவர் மலிவானதாகத் தேர்ந்திருந்தார். கட்டுரையாளர் "சிறிய தோட்டா" என்று சொன்னதன் உட்பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சிறியவை எல்லாம் மீண்டும் நிரப்பத் தக்கவை அல்ல என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை. நம் ஊர் இளைஞருக்குச் சிறிய தோட்டா என்றால் உடனே நினைவுக்கு வருவது .22 லாங் ரைஃபிள். 1887 முதல் புழக்கத்தில் உள்ள இந்தத் தோட்டாவுக்குத் தனி ப்ரைமர் கிடையாது. பொறி தரும் கலவை, கூட்டின் அடி விளிம்புக்குள் தடவப்பட்டிருக்கிறது. சுத்தி அந்த விளிம்பை நசுக்கித்தான் தோட்டா வெடிக்கிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி, அதற்குள் மீண்டும் அந்தக் கலவையைச் செலுத்துவது வீட்டில் கருதக்கூடிய காரியமே அன்று. மிகச் சிறு உராய்வுக்கும் வெடிக்கும் பொருள் அது. ஆக, நம் ஊரில் போட்டிகளில் அதிகம் சுடப்படும் தோட்டாவுக்கு இந்தச் சிக்கன யோசனை முதல் அடியிலேயே பயன்படாமல் போகிறது.

இன்னொரு சிறு சங்கதி. நடுவில் ப்ரைமர் உள்ள கூடுகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பாக்ஸர், மற்றொன்று பெர்டன். பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும்; ஒரு கம்பியைச் செருகிப் பழைய ப்ரைமரை எளிதாகத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் பட்டடைபோல் ஒரு மேடும், அதன் பக்கங்களில் சிறு துளைகளும் இருக்கும். கம்பிக்கு வழி இல்லாததால் மீண்டும் நிரப்புபவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. பாக்ஸர் ஆங்கிலேயப் படை அதிகாரி; பெர்டன் அமெரிக்கர். அமெரிக்கர்கள் ஆங்கிலேயரின் முறையைப் பிடித்துக்கொண்டார்கள்; ஐரோப்பாவில் அமெரிக்கரின் முறை வேரூன்றியது. டெக்சாஸ்காரர் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

இனி, சிக்கனத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். இதுவே என்னைப் போன்ற பொறியாளனை மிகவும் உறுத்துவது. .38 ஸ்பெஷலும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், கரும்புகை மருந்துக் காலத்தின் அளவில் பிறந்தவை. கரும்புகை மருந்து இடத்தை அடைக்கும். கூடும் அதற்கேற்ப ஆழமாக அமைந்தது. இன்றைய புகையற்ற மருந்தோ அந்தக் கூட்டின் அடியில் ஒரு சிட்டிகையாகக் கிடக்கும். கவனம் சற்றுப் பிசகி அதே கூட்டில் இரண்டாம் முறையும் மருந்து விழுந்தால் கூடு நிரம்பி வழியாது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாமல் குண்டு மேலே உட்கார்ந்துவிடும். பெரிய துப்பாக்கித் தோட்டாவில் இரட்டை அளவு போட்டால் பெரும்பாலும் மருந்து மேசையில் கொட்டிக் காட்டிக்கொடுக்கும். மலிவான தோட்டாவில் பிழை மௌனமாக இருக்கும். துப்பாக்கியின் உருளை பிளக்கும்போதுதான் பேசும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். ப்ரைமரின் விசை மட்டுமே குண்டைக் குழலின் நடுவரை தள்ளி நிறுத்திவிடும்; சுடுபவர் அது தெரியாமல் அடுத்ததையும் சுட்டால், குழலுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு குண்டுகள் சிக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் நிரப்பும் நேரத்தில் வானொலிகூட வைப்பதில்லை; ஐம்பது கூடுகளையும் மரப்பலகையில் நிறுத்தி, விளக்கடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவார். நாற்பது ஆண்டு அனுபவம் உடையவர் அவர். இரண்டு வரி படித்துவிட்டுத் தொடங்குகிற ஒருவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா?

செலவு உண்மையில் குறைகிறதா என்று கேட்டதற்கு அவர் மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னார்: முன்பு மாதம் நூறு தோட்டா சுட்டவர், இப்போது முந்நூறு சுடுகிறாராம், கடையில் கொடுக்கும் பணம் மாறவில்லையாம். பிரஸ், அச்சு, தராசு ஆகியவற்றின் முதலீடு திரும்புவதற்கே சில ஆயிரம் தோட்டாக்கள் சுட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அந்த நாட்டில் ப்ரைமருக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, வீடு நிறையக் கூடும் மருந்தும் வைத்திருந்தவர்கள்கூடக் கைகட்டி உட்கார நேர்ந்தது. நான் கிளம்பும்போது அவர் தம்மிடம் இருந்த பழைய கைக்கருவி ஒன்றை அன்போடு பரிசாக நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு வருத்தம்தான்; ஆனால் அதைப் பெட்டியில் வைத்து மீனம்பாக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அதுதான் கட்டுரை தொடாமல் விட்ட சட்டக் கணக்கு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, தோட்டா முதலிய வெடித்தளவாடங்களுக்குத் தந்துள்ள வரையறைக்குள், அவற்றின் பாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் எந்திரங்களையும் சேர்த்தே அடக்குகிறது. எனவே ஒரு பிரஸ்ஸும் அதன் அச்சும், தோட்டா ஒன்றைக்கூடச் செய்யாத நிலையிலும், சாதாரணப் பட்டறைச் சாமான்களாகக் கருதப்படமாட்டா. 5-ஆம் பிரிவு, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. முன்னது காவல் ஆணையர் அலுவலகத்தில் பெற்றதாக இருந்தாலும் பின்னதற்கு அது விடையன்று. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியின்றித் தயாரிப்பதற்கான தண்டனை ஏழாண்டுச் சிறையில் தொடங்கி ஆயுள் சிறை வரை செல்லக்கூடியது. மருந்தைச் சேமித்து வைப்பதற்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் தனியே இருக்கின்றன. ஒரு பெட்டித் தோட்டாவில் மிச்சம் பிடிக்க நினைத்துப் பத்தொன்பது வயதில் ஒருவர் இந்த வழக்குகளில் சிக்கினால், அவருடைய சுடுதல் வாழ்வு மட்டுமல்ல, கடவுச்சீட்டும் வேலையும் சேர்ந்தே போய்விடும். தங்கள் கட்டுரை "உள்ளூர் விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம்.

சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், சென்னை வீடு இதற்கான இடம் இல்லை. டெக்சாஸில் அந்தக் கார் நிறுத்துமிடம் வீட்டோடு ஒட்டாத தனிக் கொட்டகை. இங்கே இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் சமையல் எரிவாயு உருளைக்கும் சாமி விளக்குக்கும் இடையில் எந்த மூலையை ஒதுக்குவது? கத்திரி வெயிலில் மாடி அறை அடுப்பாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. மருந்து எரியும் வேகம் அதன் ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மாறக்கூடியது. ஒரு பருவத்தில் அளந்தது இன்னொரு பருவத்தில் அதே நடத்தையைத் தராது. கடற்காற்றில் பித்தளை எவ்வளவு விரைவில் களிம்பேறும் என்பதைத் திருவொற்றியூரிலும் பெசன்ட் நகரிலும் குடியிருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். சிவகாசி வட்டாரத்தில் உராய்வும் வெப்பமும் என்னென்ன செய்திருக்கின்றன என்பதைத் தங்கள் செய்தித்தாளே ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் எழுதி வருகிறது. அங்கே பணிபுரிபவர்கள் பழகிய கைகள். கொட்டகைகளும் விதிப்படி இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டியவை. அப்படியிருந்தும் விபத்துகள் நேர்கின்றன.

அப்படியானால் சென்னை இளைஞருக்குச் சிக்கனத் தோட்டா எது என்று கேட்பார்கள். அந்த மாணவர்களுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தொடங்குபவருக்கு 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியில் இடும் பெல்லட் என்னும் ஈயச் சிமிழை விட மலிவானது எதுவும் இல்லை. மருந்து இல்லை, கூடு இல்லை. ஒரு பெல்லட்டின் விலை சில ரூபாய்களுக்குள் முடிந்துவிடுகிறது. 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமமும் தேவையில்லை. இதைக் குழந்தை விளையாட்டு என்று எண்ண வேண்டியதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமும், 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் பெற்ற வெண்கலமும், 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலங்களும் இந்த ஈயச் சிமிழால் வந்தவையே. வேளச்சேரியில் குருநானக் கல்லூரிச் சுடுதளத்தில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளைப் பார்த்த பெற்றோர் பலர், அதன் பிறகுதான் பிள்ளைகளைக் காற்றுத் துப்பாக்கிக்கு அனுப்பத் தொடங்கினார்கள் என்பது எங்கள் சங்கத்திலேயே நான் கண்டது.

பெல்லட்டையும் விட மலிவானது, சுடாமலே சுடும் பயிற்சி. காலித் துப்பாக்கியை, அது காலிதான் என்று இருமுறை சோதித்தபின், வெள்ளைச் சுவரை நோக்கி நிறுத்தி, மூச்சையும் விசையையும் மட்டும் கவனித்து இழுப்பதைச் சுடுதளத்தில் ட்ரை ஃபயர் என்பார்கள். விசையைத் தொடும் விரல் குழலை அசைக்கிறதா என்பதை வெடிச் சத்தம் மறைத்துவிடும், மௌனம் காட்டிக்கொடுத்துவிடும். என் அனுபவத்தில், வாரத்துக்கு இரண்டு பெட்டி .22 தோட்டாவைச் செலவிட்டும் முன்னேறாத ஒருவர், நாள்தோறும் அரைமணி நேரம் இப்படிப் பயின்று மூன்றே மாதத்தில் மேலே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒருவர் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

.22-க்கு மாறும் நிலையில் செலவு பல மடங்கு ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே சிக்கனம், பயிற்சித் தோட்டாவையும் போட்டித் தோட்டாவையும் பிரித்து வாங்குவதில் இருக்கிறது. நின்று சுடும் பயிற்சியில் என் கை நடுங்கும் நடுக்கத்தைவிடத் தோட்டாவின் பிழை மிகச் சிறியது. அங்கே விலையுயர்ந்த பெட்டியைப் பிரிப்பது வீண். படுத்துச் சுடும்போதும் போட்டியின்போதும் மட்டும் நல்ல தோட்டா போதும். கூட்டை மீண்டும் நிரப்பும் பேச்சுக்கு உண்மையில் இடம் இருப்பது, நடுவில் ப்ரைமர் உள்ள தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் சுடும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில்தான். 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை குண்டின் விட்டம் இருக்கலாம் என்பது பன்னாட்டு விதி, அதற்குள் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவையே வீரர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற பிரிவு இது. ஒரு போட்டிக்கு 60 தோட்டாக்கள். பயிற்சிக்கு அதைப் போலப் பல மடங்கு. சுட்டு முடித்ததும் அறுபது நல்ல பித்தளைக் கூடுகள் மேசையில் கிடக்கும். எங்கள் சங்கத்தில் அவற்றை எண்ணிக் கணக்கில் ஏற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். ஒரே ஒரு முறை உழைத்த பித்தளையை அப்படிப் போடும்போதெல்லாம், தாத்தாவின் தகரப் பெட்டி எனக்கு நினைவுக்கு வரும்.

வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் நிலைமை இன்னும் கடுமை. தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். 12 போர் தோட்டா ஒன்றில் 24 கிராம் ஈய ரவை என்றால், ஒரு சுற்றுக்கு ஆறு கிலோ ஈயம் வரை வானில் போகிறது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்ற பிரிவு அது. அந்த அளவுக்குப் பயிற்சி எடுக்கும் வசதி நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிட்டுமா என்பதைத் தங்கள் கட்டுரையாளர் தனியே ஆராய்ந்து எழுதினால் நன்று.

வழியைக் காட்டாமல் தடையை மட்டும் சொன்னேன் என்று ஆகிவிடக் கூடாது. 2021 அக்டோபர் 1 அன்று படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்கள் ஆனபோது, தோட்டா செய்யும் ஆலைகள் முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. 1869 முதல் இயங்கும், புணேயை ஒட்டிய கட்கி தோட்டாத் தொழிற்சாலையும், நம் நீலகிரியில் குன்னூரை அடுத்து மலை ரயில் நின்று செல்லும் அருவங்காட்டு மருந்துத் தொழிற்சாலையும் அதில் அடக்கம். துப்பாக்கி மருந்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட கைத்தேர்ச்சி நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும்போது, .32 இலக்குத் தோட்டாவுக்கும் 24 கிராம் 12 போர் தோட்டாவுக்கும் வீரர்கள் வெளிநாட்டுப் பெட்டிகளையே எதிர்பார்த்து நிற்பது ஏன் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. போட்டித் தரத்தில் பயிற்சித் தோட்டாவை இங்கேயே தயாரித்துச் சங்கங்களுக்கு நேரடியாக விற்கும் திட்டத்தை அந்நிறுவனமும் மாநில விளையாட்டுத் துறையும் சேர்ந்து வகுக்கலாம்.

அதோடு, வீட்டில் செய்யக் கூடாததை உரிமம் பெற்ற ஓரிடத்தில் செய்ய வழிவகுக்கலாம். சென்னையில் ஒரு சுடுதளத்தை ஒட்டி, குடியிருப்புக்கு அப்பால், வெடிபொருள் விதிகளின்படி கட்டிய ஒரே ஓர் அறை. ஒரே ஓர் அளவு, அதாவது .32 நேர்ச்சுவர்க் கூடு மட்டும். பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர். உள்ளே வரும் கூட்டுக்கும் வெளியே போகும் தோட்டாவுக்கும் காவல்துறை எந்நேரமும் சோதிக்கக்கூடிய ஒரு பதிவேடு. ஒரே அளவு என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: தோட்டா நிரப்பும் இடத்தில் மருந்து மாறுவதே முதல் விபத்து, ஒரே அளவு, ஒரே மருந்து என்றால் மாறுவதற்கு ஏதும் இல்லை. இரட்டை அளவு விழுந்த கூட்டை எடையால் பிடித்து ஒதுக்கும் மின்தராசை அம்பத்தூரில் செய்துகொடுக்கப் பத்துப் பட்டறைகள் இருக்கின்றன. அதன் வரைபடத்தை இலவசமாகப் போட்டுத்தர நானே அணியமாக இருக்கிறேன். இப்படி ஓர் அறை வரும் வரை, எங்கள் கூடுகள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அந்த இரண்டு வரிகளுக்கு ஒரு திருத்தத்தை, கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்பத்தூர், சென்னை.